ரெக்கார்டு பிளேயர் வாங்கப் போறீங்களா? முதலில் மச்சில் கிடக்கிற பெட்டியை இறக்குங்க

தட்டைச் சுழற்றுவது பெல்ட்டா (பெல்ட் டிரைவ்), நேரடியாக மோட்டாரா (டைரக்ட் டிரைவ்) என்கிற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் என்ன தட்டு இருக்கிறது என்று முதலில் பார்க்கணும். தாத்தா காலத்து 78 வேக (நிமிடத்துக்கு 78 சுற்று) அரக்குத் தட்டு, 45-இல் ஓடும் ஏழங்குல இ.பி., 33⅓ எல்.பி. என்று மூன்றும் கலந்து கிடந்தால், பாதி மாடல்கள் அங்கேயே கழிந்துவிடும்.

78 தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், 78-க்கு 75 வேண்டும். சின்ன ஊசியை வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கை உழுதுகொண்டே போகும், பாட்டை விட இரைச்சல்தான் கூடுதலாகக் கேட்கும். ஆக 78 வேகமும் வேண்டும், ஊசியைக் கழற்றி மாற்றவும் வரணும். 25,000 முதல் 45,000 ரூபாய் வரை போடுகிறவர்களுக்கு என் கை ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் பக்கம்தான் நீளும். அதோடு வரும் விஎம்95இ ஊசியை உருவிவிட்டு, அதே கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் குட்டிப் பெட்டி) 78-க்கான எஸ்பி ஊசியைச் செருகலாம். ஊசி தட்டை அழுத்தும் எடை முன்னதற்கு 2 கிராம், பின்னதற்கு 5. எல்.பி. மட்டும் கேட்பவருக்கு ரேகா பிளானர் 1 போதும். அதில் 78 கிடையாது, வேகம் மாற்ற பெல்ட்டைக் கையால் நகர்த்தணும். பின்பக்கம் எடைக்குண்டு இல்லாத சூட்கேஸ் பிளேயர் பக்கமே போக வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவருகிறேன் என்றால், ஏ.சி. மோட்டாரா என்று கேளுங்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அந்த மோட்டாருக்கு வேண்டிய 60 ஆக்காது. 33⅓ சுற்றவேண்டியது 27.8-தான் சுற்றும், சுருதி மூன்று சுரஸ்தானம் இறங்கி, பாடகி குரல் ஆண் குரலாகிவிடும்.

வீட்டு ஆம்ப்ளிஃபயரில் ‘ஃபோனோ’ என்று எழுதிய, ரெக்கார்டு பிளேயருக்கான துளை இருக்கிறதா? மற்ற கருவிகளுக்கான வெறும் ஆக்ஸ் துளையில் நேராகச் செருகினால் சத்தம் எறும்பு ஊர்கிற மாதிரி, பேஸே இல்லாமல் வரும். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். பிளேயரிலேயே ஃபோனோ/லைன் சுவிட்ச் இருந்தால் ஆக்ஸுக்கு லைனில் வையுங்கள். லைனில் வைத்து ஃபோனோ துளையில் செருகினால் கரகரவென்று உடையும். உம்ம்ம் என்று இரைந்தால் எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயர் திருகில் கட்டுங்கள்.

எடை வைப்பதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். ஊசி மூடியைக் கழற்றி, ஆன்டி-ஸ்கேட்டை (கை உள்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் திருகு) பூஜ்யத்தில் வைத்து, ஊசி தாங்கும் கை தட்டுக்கு இணையாக அந்தரத்தில் மிதக்கும் வரை பின்பக்க எடைக்குண்டைத் திருகுங்கள். மிதந்ததும் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி, பிறகு எல்.பி. ஊசிக்குக் குண்டையும் வளையத்தையும் சேர்த்து 2 வரை திருப்புங்கள். ஆன்டி-ஸ்கேட்டும் 2. வளையத்தை முழுசாக நம்பாமல் 0.01 கிராம் காட்டும் குட்டித் தராசில் சரிபார்க்கலாம். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜ் காந்தம் இழுத்துத் தப்பான எடை காட்டும். எடை குறைந்தால் ஊசி பள்ளத்தில் துள்ளி, தட்டைத்தான் கெடுக்கும். பலரும் நினைப்பதற்கு நேர் எதிர் இது.

வைக்கிற இடம்? மரத்தளம் போட்ட மச்சில் வேண்டாம், யாராவது நடந்தால் ஊசி குதிக்கும். பட்டாசல் (கூடம்) சுவரில் பதித்த கடப்பாக்கல் செல்ஃப் அருமையான இடம், ஸ்பீக்கரை மட்டும் அதே கல்லில் ஏற்றாதீர்கள். மேல்வெயில் படும் சுவரோரம் தட்டுகளை அடுக்கினால் சித்திரையில் வளைந்துவிடும். நட்டமாக நிறுத்துங்கள், படுக்கவைத்துக் குவிக்காதீர்கள்.

ஆடிக் காற்றில் மூடியைத் திறந்து வைக்கவே கூடாது. தேரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அந்தச் செம்மண் தூசி பள்ளத்தில் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். கழுவ டிஸ்டில்டு வாட்டர், மிருதுவான துணி. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் மேற்பரப்பே கரைந்துவிடும். கோயில் கொடைகளில் ரேடியோ செட்டில் ஓடித் தேய்ந்த இ.பி.களை என்ன கழுவினாலும் கரகரப்பு போகாது, அந்தப் பள்ளம் கனத்த ஊசியில் அரைபட்டது.