கடைசியா பீரியட்ஸ் எப்போ?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான ‘பாப் ஸ்மியர்’ பரிசோதனைக்கு முதல் தடவை போனபோது டாக்டர் அறை வரைக்கும்தான் போக முடிந்தது, பரிசோதனை நடக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். முந்தின நாள் ராத்திரி, அரிப்புக்காக எப்போதோ எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். செக்கப்புக்குப் போகிறோமே, சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு!

டாக்டர் சிரிக்கவில்லை. “உள்ள வைக்கிற மருந்து, க்ரீம், தண்ணி விட்டுக் கழுவுறது, தாம்பத்தியம், எதுவும் ரெண்டு நாளைக்கு வேண்டாம்மா. செல்லை எடுத்துப் பார்க்கிற டெஸ்ட் இது. மருந்து அப்பிக்கிட்டு இருந்தா லேப்ல சரியாத் தெரியாது.” பீரியட்ஸ் முடிந்து சில நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு வயது 41. இரண்டு பிரசவம் பார்த்த உடம்பு. ஆனாலும் தொந்தரவு எதுவும் இல்லாமல் லேடி டாக்டரிடம் போனது அப்போதுதான். நல்லாத்தானே இருக்கிறோம் என்று தள்ளிப்போட்டே வந்தேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இதற்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ் உள்ளேயே தங்கி, செல்கள் மாறி, புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஆகுமாம். அத்தனை வருஷமும் உடம்பு வாயே திறக்காது. 30 வயதிலிருந்தே இந்தப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் 11 வருஷம் லேட்.

இரண்டாவது தடவை எடை, பிபி எல்லாம் பார்த்த கையோடு சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா பீரியட்ஸ் எப்போ?” திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் தேதியைக் குறித்துக்கொள்ளாமல் போயிருந்தேன். விரல் விட்டு எண்ணி ஒரு தேதி சொன்னேன். அடுத்தடுத்து வந்தன: எத்தனை நாள் போகும், இடையில் ரத்தம் படுகிறதா, உறவுக்குப் பின் படுகிறதா, வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்று உண்டா. “தும்மினா, இருமினா யூரின் கசியுதா?” என்றபோது பட்டென்று இல்லை என்றேன். சிஸ்டர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். இரண்டு கேள்வி தாண்டி, “கொஞ்சம் கசியும்” என்றேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் திருத்தி எழுதிக்கொண்டார். அதற்கு ஒரு தசைப் பயிற்சி இருக்கிறது என்று டாக்டர் பிறகு சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருஷம் இருமல் வந்தாலே காலைப் பின்னிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

யூரின் போய்விட்டு வந்து படுத்தால் வயிறு அழுத்தமில்லாமல் இருக்கும். மார்பகப் பரிசோதனை சட்டென்று முடிந்தது. டாக்டர் அக்குள் வரை விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தார்.

அடுத்தது நான் பயந்துகொண்டிருந்த ஸ்பெகுலம். பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி, வாத்தின் அலகு மாதிரி இருக்கும். “எனக்கு இது முதல் தடவை, பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டேன். சொன்னது நல்லதாகப் போயிற்று. சின்ன அளவு ஒன்றை எடுத்தார், கையில் காட்டினார், “நிறுத்துன்னா நிறுத்திடுவேன்” என்றார். ஜில்லென்று உள்ளே போய் விரிந்தபோது வலியைவிட இறுக்கம்தான் தெரிந்தது. மூச்சை அடக்கினால் இறுக்கம் கூடுகிறது. வாய் வழியாக ஊதி விட்டால் குறைகிறது. பிரஷ் கர்ப்பப்பை வாயில் சுழன்றபோது பீரியட்ஸ் வலி போல அடிவயிற்றில் ஒரு சுருக். அவ்வளவுதான். கடைசியில் கையுறை போட்ட விரல்களை உள்ளே வைத்து, மறு கையால் வயிற்றை அழுத்திக் கர்ப்பப்பையின் அளவைப் பார்த்தார். ஸ்பெகுலம் உள்ளே இருந்தது இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்.

(பாப் ஸ்மியர் என்ற பெயர் இதைக் கண்டுபிடித்த பாபனிகோலாவ் என்ற கிரேக்க மருத்துவரிடமிருந்து வந்தது. அவர் மனைவி வருஷக்கணக்காகத் தன்னிடமிருந்தே மாதிரி எடுக்கக் கொடுத்தாராம். பெயரில் பாதி அந்த அம்மாவுக்குப் போயிருக்கணும்.)

அன்று லேசாக ரத்தம் பட்டது, மறுநாள் நின்றுவிட்டது. ரிப்போர்ட்டில் ‘இன்ஃப்ளமேஷன்’ என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் எனக்கு வியர்த்தது. புற்றுக்கும் அதற்கு முந்தைய மாற்றத்துக்கும் அறிகுறி இல்லை என்பது அதற்கு மேல் வரியிலேயே இருந்தது, கண்ணில் படவில்லை. வெறும் அழற்சி, பலருக்கும் வரும், உங்களுக்கு மருந்து வேண்டாம் என்றார் டாக்டர். ஹெச்பிவி டெஸ்டும் நெகட்டிவ். இரண்டும் சேர்த்துப் பார்த்ததால் அடுத்தது 5 வருஷம் கழித்து. பாப் மட்டும் என்றால் 3 வருஷம்.

“வலிச்சுதா?” என்று அக்கா போனில் கேட்டாள். அவளும் இதுவரை போனதில்லை.

“அதெல்லாம் இல்லக்கா. கழட்டின துணியை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, கையில சுருட்டி வச்சுக்கிட்டு ஸ்கிரீனுக்குப் பின்னாடி நின்னேன் பாரு, அதுதான் கஷ்டமா இருந்தது.”

“ஒரு பை எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?” என்றாள்.