பிரபு இறங்கும் சுவர்

மே 3
பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) பெரும்பாலும் நாட்குறிப்பும் கடிதமும்தான். அதில் டிராகுலாவின் கோட்டைக்குப் போகிற ஆங்கிலேயன் ஜொனதன் ஹார்க்கர் எழுதும் முதல் நாள் மே 3, அதனால் நானும் இன்றைக்குத்தான் ரெஜிபோமில், அந்த வெள்ளை நுரைப் பலகையில், கத்தி வைத்தேன். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, அகராதியும் கையுமாகப் படித்த புத்தகம். பல், இரத்தம் எல்லாம் பிறகு. அன்றைக்கு என்னை உலுக்கியது ஒரு சுவர். டிராகுலா பிரபு தலைகீழாக, பல்லி மாதிரி, கோட்டைச் சுவரில் இறங்குகிற அந்த ஒரு பக்கம். அந்தச் சுவரைத்தான் சின்ன மாதிரியாகக் கட்டப்போகிறேன். அளவு நூற்றுக்கு ஒன்று, ஆறடி ஆள் 1.8 சென்ரிமீற்றர்.

மே 5
கதவு. பெரிய இரும்பாணிகள் அறைந்த பழைய கதவு என்று புத்தகம் சொல்கிறது. ஐஸ்பழக் குச்சியைப் பிளந்து ஒட்டி, குண்டூசித் தலைகளை வெட்டிப் பதித்தேன். நல்லாய் வந்திருக்கிறது.

மே 8
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஜன்னலிலிருந்து ஒரு கல் விழுந்தால் ஆயிரம் அடிக்கு எதிலும் படாமல் போகும் என்று ஹார்க்கர் எழுதுகிறான். ஆயிரம் அடி 305 மீற்றர், என் அளவில் மூன்று மீற்றருக்கு மேல், எங்கள் அறையின் உயரமே அவ்வளவு இல்லை. கடைசியில் கோட்டையை அலுமாரிக்கு மேல் ஏற்றி, பாறையை இரண்டடிக்கு மட்டும் செதுக்கித் தொங்கவிட்டு, அதற்குக் கீழே நிலம் வரைக்கும் கறுப்புத் துணி. அம்மா வந்து பார்த்தா. "உதென்ன பிள்ளை, பேய்வீட்டைக் கொண்டுபோய்ச் சாமியறைக்கு நேரே வைக்கிறாய்?" சரி, திருப்பி வைத்தாயிற்று.

மே 10
ஸ்பிரே பெயின்ற் அடித்தேன், சுவர் கரைந்துவிட்டது. அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்னும், முதலில் வெள்ளைப் பசை பூசிக் காயவிட்டிருக்க வேண்டும். கரைந்த இடம் உருகின மெழுகு மாதிரிப் பளபளத்தது, கல் ஒருநாளும் அப்படி இராது. பிய்த்தெறிந்துவிட்டுப் புதுத் துண்டு வெட்டினேன்.

மே 11
பின்னேரம் வெயில் தணிந்த பிறகு கோட்டைக்குப் போனேன், எங்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்கு. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்தது. இது முருகைக்கல், கடல் பவளப்பாறைக் கல்; டிராகுலாவின் கோட்டை நிற்கும் கார்பாத்திய மலையில் அது ஏது, தெரியும். நான் பார்க்கப் போனது கல்லை அல்ல, இடுக்கை. காலம் சாந்தைத் தின்றுவிட்ட கல் விளிம்புகளில்தான் பிரபுவின் விரல்கள் பிடிக்கின்றன, இடுக்கு இல்லாவிட்டால் அந்தக் காட்சியே இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு பொந்தில் விரலை வைத்தேன். முதல் கணு வரைக்கும் போனது. உள்ளே பகல் வெயிலின் சூடு இன்னும் இருந்தது.

மே 12
ஒரு கணு ஆழம் என் அளவில் கால் மில்லிமீற்றர், கண்ணுக்கே தெரியாது. அதனால் ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்கு, மை முடிந்த பேனையால் ஒவ்வொரு கல்லையும் சுற்றிக் கீறினேன். இரவு குசினிச் சுவரில் ஒரு பல்லி ரியூப் லைற்றுக்குக் கிட்ட இருந்து தலைகீழாக இறங்கியது, கிட்டப் போய்ப் பார்த்தேன். பின்னங்கால் பாதங்களைப் பின்பக்கம் திருப்பி, மேல்நோக்கிக் கொழுவிக்கொண்டு இறங்குகிறது! அதே மாதிரி செப்புக் கம்பியை வளைத்தேன், பசையில் தோய்த்த ரிசு கடதாசியில் மேலங்கி, இரண்டு சிறகு விரித்த மாதிரி. ஊசியால் சுவரில் குத்தினேன். ஹார்க்கர் இதைப் பார்த்து எழுதுவதும் மே 12தான்.

மே 15
புத்தகத்தில் இன்றைக்குப் பிரபு மறுபடி இறங்குகிறான். நூறடி கீழே, நன்றாக இடப்பக்கம், அங்கே ஏதோ பொந்திலோ ஜன்னலிலோ மறைந்துவிடுகிறான். நூறடி எனக்கு 30 சென்ரிமீற்றர். அடிமட்டம் வைத்து அளந்து, பொந்து வெட்டி, ஊசியைக் கழற்றி அவனை அங்கே கொண்டுபோனேன். தலையும் தோளும் உள்ளே போய்விட்டன. மேலங்கியின் நுனி மட்டும் வெளியே நிற்கிறது, பொந்தை இன்னும் கொஞ்சம் குடைய வேண்டும்.