பெய்ஸ்லி நெசவாளர் வீடு ஒன்று: 1881இலிருந்து 1841க்கு

ஸ்காட்லாந்துக் குடிக்கணக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) ஒரு குடும்பத்தைத் தேடுகிறவர்கள் 1841இல் தொடங்கினால் திணறிப்போவார்கள். அந்த ஆண்டின் ஏட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்றே இருக்காது. அதனால் பெய்ஸ்லி என்ற ஸ்காட்லாந்து ஊரின் நெசவாளர் குடும்பம் ஒன்றைத் தேடி, 1881இல் தொடங்கிப் பின்னோக்கிப் போனோம்.

1881 ஏப்ரல் 3 இரவு வீட்டில் இருந்தவர்களின் வயது, தொழில், பிறந்த பாரிஷ் (தேவாலய வட்டாரம்), ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என எல்லாம் ஏட்டின் பக்கத்தில் இருக்கின்றன. முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகளின் பிறந்த ஊர். மூத்தவள் கில்பார்க்கனில், அடுத்தவன் பெய்ஸ்லியில் என்றால், குடும்பம் இடம் மாறியது அந்த இரண்டு பிறப்புக்கும் நடுவில். 1871இல் எந்த ஊர் ஏட்டைத் திறப்பது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

1871இல் அந்தக் குடும்பத்துக் கிழவியைக் காணோம். இறந்துவிட்டாள் என்று முடிவு கட்டியது தவறு. ஸ்காட்லாந்தில் கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் (பிறந்த வீட்டின் குடும்பப் பெயர்) விட்டுப்போவதில்லை. விதவையானதும் அந்தப் பெயரிலேயே எழுதியிருக்கலாம். இரண்டு பெயரிலும் தேட வேண்டும். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் கையில் இல்லாமல் 1861ஐத் தாண்டாதீர்கள். 1855 ஜனவரி 1க்குப் பிந்தைய இறப்புப் பதிவு கிடைத்தால், இறந்தவரின் தாயுடைய பிறந்த வீட்டுப் பெயர்கூட அதில் இருக்கும்.

1851இல் ஒன்பது வயதுப் பையனுக்கு 'சன்-இன்-லா' என்று உறவு. மருமகன் இல்லை, மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்த பிள்ளை. அந்தக் காலத்தில் அதற்கும் அதே சொல்தான். 'ஹெச்.எல்.டபிள்யூ.' என்றால் கைத்தறி நெசவாளர். பெண் பிள்ளைக்கு 'பிர்ன் வைண்டர்' என்றிருந்தால் அது நம் ஊர்த் தார் சுற்றுகிற வேலையேதான்.

கடினம் 1841தான். பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். ஏட்டில் 35 என்றால் உண்மையில் 35 முதல் 39 வரை. அந்தக் கணக்கு ஜூன் 6இல், அடுத்தது 1851 மார்ச் 30இல். நடுவில் பத்து ஆண்டு முழுதாக இல்லை. ஆக 1851இல் அவர் வயது 44இலிருந்து 49 வரை எதுவாகவும் இருக்கலாம். 45 என்று மட்டும் தேடினால் ஆள் நழுவிவிடுவார். எழுத்தர்கள் எண்ணி முடித்ததைக் காட்ட இழுத்த கோடுகள் வயதின் மேலேயே விழுந்திருக்கும். 3, 8 இரண்டையும் உருப்பெருக்கிப் பார்த்தாக வேண்டும்.

பெயர் வைக்கும் வழக்கமும் கைகொடுக்கிறது. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். தாத்தா பெயரைத் தாங்குவதால்தானே நமக்கும் 'பெயரன்' பேரன் ஆனான்! ஆனால் இதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு மீறியிருக்கிறார்கள்.

1841இல் ஒரே பெயரில் இரண்டு வீடுகள் நிற்கின்றன. பிரித்தெடுக்க 1855இல் பிறந்த கடைக்குட்டியின் பதிவுதான் வழி: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், கல்யாணத் தேதி, முன்பு பிறந்த பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் அந்த ஓர் ஆண்டில் எழுதினார்கள். 1856இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். கல்யாண விவரம் மட்டும் 1861இல் திரும்பி வந்தது.