‘ஷோலா’ என்றால் சோலைதான்: தேவிகுளம் மலையில் ஆங்கில வாசிப்பு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள தேவிகுளம் தாலுகாவில் தமிழ்வழியில் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சூழல் மண்டலம் பற்றிய ஆங்கிலப் பாடத்தைக் கொடுத்தால், அது தடுக்கி விழுவது அறிவியலில் அல்ல. வரையாடு எங்கே மேயும், உறைபனி விழுந்தால் கொழுந்து எப்படிக் கருகும் என்பதெல்லாம் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளரும் பிள்ளைக்குத் தெரியும். தடுக்குவது ஆங்கில வாக்கியம். இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், ‘பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை’ என்று எண்ணி முழுவதையும் தமிழில் சொல்லி முடித்துவிடுவோம். பிள்ளை கதை கேட்டுக்கொள்ளும், வாசிக்கப் பழகாது.

அதனால் முதலில் தெரிந்த நிலத்தைத் தெரியாத மொழியில் வாசிக்க வைக்க வேண்டும். அந்த மொழி கொஞ்சம் பழகிய பிறகுதான் தெரியாத நிலம். இரண்டு புதுசையும் ஒரே நாளில் தலையில் ஏற்றக் கூடாது. அமேசானில் தொடங்கும் பத்தியை இரண்டு வாரம் ஒதுக்கிவைத்துவிட்டு, 100 முதல் 120 சொற்களில் உள்ளூர் நிலத்தைப் பற்றி ஆசிரியரே ஒரு பத்தி எழுதிக்கொள்ளலாம். அதற்கு மூணாறு–உடுமலைப்பேட்டை சாலையை விடச் சிறந்த பாடநூல் கிடையாது. சின்னாறு வரைக்கும் சுமார் 60 கிலோமீட்டர். அதற்குள் இரவிகுளத்துப் புல்வெளி, மலை மடிப்புகளில் சோலை, தேயிலை, மறையூர்ச் சந்தனக் காடு, கடைசியில் முட்காடு என்று நிலம் மாறிக்கொண்டே இறங்குகிறது. மலையின் மழை மறைவில் கிடக்கும் சின்னாறில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். பேருந்து ஜன்னல் வழியே பிள்ளைகள் பார்த்த வரிசையிலேயே பத்தியையும் அமைத்தால் பாதி வேலை முடிந்தது.

அப்படி எழுதிய பத்தியிலும் ‘ஷோலா’ என்ற சொல்லில் வகுப்பு நின்றுவிடும். எழுத்துக் கூட்டிச் சரியாக உச்சரிப்பார்கள். என்னவென்று கேட்டால் விழிப்பார்கள். அது நம் ‘சோலை’. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், உச்சரிப்பு மாறித் திரும்பி வந்திருக்கிறது. கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இதற்கு ஒரு நிமிடம் செலவழிப்பது வீண் இல்லை. ஆங்கிலப் பத்திக்குள் தன் வீட்டுச் சொல் இருப்பதைப் பார்த்த பிள்ளை அடுத்த வரியைக் கொஞ்சம் தைரியமாகவே வாசிக்கும்.

ஒரு பத்தியைத் துணையின்றி வாசித்துப் புரிந்துகொள்ள நூறு சொற்களில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது வாசிப்பு ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. 120 சொல் பத்தியில் பத்து சொற்கள் தெரியாது என்றால், ஏழெட்டை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டு, மீதியை ஊகிக்க விடலாம். இருபது சொற்களுக்குப் பொருள் எழுதிப் போட்டால் அன்றைய வகுப்பு அதிலேயே தீர்ந்துவிடும். தெரியாத சொல்லை விட ஆபத்தானது தெரிந்த மாதிரி இருக்கும் சொல். ‘புரொடியூசர்’ என்றால் பிள்ளைகளுக்குப் படம் எடுப்பவர்; பாடத்திலோ தன் உணவைத் தானே தயாரிக்கும் செடி. ‘கன்ஸ்யூமர்’ கரண்ட் பில்லில் வரும் சொல்; பாடத்திலோ பிற உயிர்களைத் தின்று வாழ்வது. இவற்றில் பிள்ளைகள் சந்தேகமே கேட்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூழல் மண்டலத்துக்கு மலையாளத்தில் ‘ஆவாசவியவஸ்தை’ என்பார்கள்; அதில் ‘ஆவாசம்’ என்றால் வாழிடம். அதைக் காதில் கேட்டுப் பழகிய பிள்ளை வாழிடம், சூழல் மண்டலம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்.

இங்கே தமிழ் வகுப்பில் படித்த திணை கைகொடுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அதில் வாழும் மரமும் பறவையும் விலங்கும் கருப்பொருள். இரண்டும் சேர்ந்ததுதான் 1935இல் ஆர்தர் டான்ஸ்லி ‘ஈகோசிஸ்டம்’ என்று பெயர் வைத்தது என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பாலைத் திணையை மட்டும் ‘டெசர்ட்’ ஆக்கிவிடக் கூடாது. பாலை, குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்த நிலை. ‘டெசர்ட்’டில் குளிர்ப் பாலைவனமும் அடங்கும்.

மிக அதிகமாகத் தவறு நடப்பது உணவுச் சங்கிலியின் அம்புக்குறியில். ‘தி கிராஸ் இஸ் ஈட்டன் பை தி தார்’ என்ற வாக்கியத்தில் ‘இஸ்’, ‘பை’ இரண்டும் சின்னச் சொற்கள். கண் அவற்றைத் தாண்டிவிடும். மிஞ்சுவது புல், தின், வரையாடு. பேச்சுத் தமிழில் ‘தின்னப்படுகிறது’ என்று யாரும் சொல்வதில்லை என்பதால் அந்த அமைப்புக்குக் காதும் பழகவில்லை. ‘ஆடு புல்லைத் தின்னும்’ என்று தமிழில் சரியாகச் சொல்லிவிட்டு, அம்பை மட்டும் ஆட்டிலிருந்து புல்லுக்கு வரைவார்கள், செய்பவனிலிருந்து செயல் போகிறது என்று நினைத்து. அம்பு காட்டுவது ஆற்றல் போகும் திசை. ஆகவே அம்பை ‘தின்கிறது’ என்று வாசிக்கவே விடாதீர்கள். ‘கிவ்ஸ் எனர்ஜி டு’ என்று மட்டும் வாசிக்க வையுங்கள். புல், வரையாடு, சிறுத்தை என்று மூன்று அட்டை, இரண்டு அம்பு அட்டை போதும். ஒரே சங்கிலியை அம்பின் வழியே ஒரு முறை, ‘இஸ் ஈட்டன் பை’ வைத்து ஒரு முறை, ‘ஈட்ஸ்’ வைத்துப் பின்னாலிருந்து ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாளில் அம்பு திரும்பிவிடும்.

‘பிகாஸ்’ இதைவிட நைசாக ஏமாற்றும். தமிழில் காரணம் முன்னால் வரும்: காற்று பலமாக அடிப்பதால் மரம் குட்டையாக இருக்கிறது. ஆங்கிலத்தில் குட்டை மரம் முதலில், காற்று பின்னால். தமிழ் ஓட்டத்தில் வாசிக்கும் பிள்ளை, மரம் குட்டையாக இருப்பதால் காற்று பலமாக அடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அதுவும் நியாயமாகவே தோன்றுவதால் யாருக்கும் உறுத்தாது. ‘பிகாஸ்’ஸை வட்டமிட்டு, அதற்குப் பின்னால் இருப்பதை முதலில் வாசிக்கப் பழக்குவதுதான் வழி. ‘அனிமல்ஸ் தட் ஈட் பிளாண்ட்ஸ்’ போன்றவற்றுக்கும் அதே பென்சில்: ‘தட்’டிலிருந்து முந்திய பெயர்ச்சொல்லுக்கு ஒரு வளைகோடு.

நாற்பது நிமிட வகுப்பில் எட்டு நிமிடம் தமிழில் பேச்சு, நான்கு நிமிடம் ஆசிரியர் வாசிப்பு, பதினைந்து நிமிடம் கையில் பென்சிலோடு மௌன வாசிப்பு. மீதி நேரத்துக்குப் படமும் கேள்வியும். கோரஸாகக் கத்தி வாசிப்பது வேண்டாம். வாய் பழகுமே தவிர, பொருள் ஏறாது.

துந்திரா, அதாவது மரம் வளராத உறைகுளிர் நிலம், கடைசியில்தான் வர வேண்டும். அதில் தடை ‘பனி’ என்ற நம் சொல்லே. புல் நுனியில் நிற்பதும் பனி, மலையை மூடுவதும் பனி, விடியலில் வெள்ளையாக உறைந்து கிடப்பதும் பனி. ஆங்கிலத்தில் டியூ, மிஸ்ட், ஃப்ராஸ்ட், ஸ்னோ என்று தனித்தனி. ஜனவரியில் உறைபனி விழும் ஒரு வாரம், தேயிலை மேல் படிந்த வெள்ளை காலை எத்தனை மணிக்கு உருகுகிறது என்று பிள்ளைகள் நோட்டில் குறிக்கட்டும், அது ‘ஃப்ராஸ்ட்’. தொடர்ந்து இரண்டு ஆண்டாவது உருகாமல் உறைந்தே கிடக்கும் மண் ‘பெர்மாஃப்ராஸ்ட்’. பாடநூலில் துந்திரா முன்னதாகவே வந்தாலும், முடிந்தால் ஜனவரி வரைக்கும் தள்ளிவையுங்கள்.