ஹெரால்டுக்கும் மாருதி 800-க்கும் டாப்பெட் வைத்தபோது

நண்பரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் என் பழைய மாருதி 800-ம் ஒரே சமயத்தில் 'டக் டக்' என்று தட்டத் தொடங்கின. இரண்டுக்கும் டாப்பெட் இடைவெளியை, அதாவது எஞ்சின் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள சந்தை, நானே சரிசெய்து வைத்தேன். சும்மா ஓட்டிப் பார்ப்பதைவிட, ஒரே வேலையை இரண்டிலும் செய்தால் காலத்தின் வித்தியாசம் கையில் தட்டுப்படுகிறது.

டிரையம்ஃப் நிறுவனம் 1959-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட கார் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. பானெட்டைத் திறப்பதே ஒரு சுகம்: இருபுறத் தாழ்ப்பாளையும் விடுவித்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் மீது உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். எந்த நட்டும் ஒளிந்துகொள்வதில்லை.

நான்கு சிலிண்டர், 948 சிசி, எட்டு வால்வுகள். இங்கே மெக்கானிக்குகளின் 'ஒன்பது கணக்கு' உதவுகிறது. முழுதாகத் திறந்து நிற்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், சரிசெய்ய வேண்டிய வால்வு எது என்று தெரிந்துவிடும். ஒன்று திறந்திருந்தால் எட்டு. மூன்று என்றால் ஆறு. எஞ்சினைச் சுழற்ற, பிளக்குகளைக் கழற்றி, நான்காம் கியரில் போட்டு, நண்பர் வண்டியை மெல்லத் தள்ளினார். எஞ்சின் ஆறிய நிலையில் இடைவெளி 0.010 அங்குலம்; ஃபீலர் கேஜ் என்ற சந்து அளக்கும் மெல்லிய தகடு லேசாகப் பிடித்தபடி நழுவ வேண்டும்.

1983 டிசம்பரில் அறிமுகமான மாருதியில் இந்தக் கணக்கு செல்லாது. மூன்று சிலிண்டர், 796 சிசி, ஆறு வால்வுகள். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் மேலேயே இருப்பதால், ஹெரால்டில் போல அசைவைக் கீழிருந்து மேலே கொண்டுசெல்லும் புஷ்ராடு கிடையாது. சிலிண்டர்கள் எரியும் 1-3-2 என்ற வரிசையில் ஒவ்வொரு பிஸ்டனையும் கம்ப்ரெஷன் முடிவில் உச்சிக்குக் கொண்டுவந்து, அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வுகளின் இடைவெளியையும் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் குறுக்கே கிடக்கிறது. ஏர் கிளீனரை எடுக்காமல் வால்வுகளின் மேல் மூடியைத் தொட முடியாது. குனிந்தே நின்றதில் முதுகு விட்டுப்போயிற்று.

ஓட்டும்போது கதை தலைகீழ். ஓடும்போதே பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் சிங்க்ரோமெஷ் ஹெரால்டின் முதல் கியருக்கு இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அந்தக் கியருக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. மாருதியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மயிலாப்பூரின் குறுகிய தெருவில் வண்டியைத் திருப்ப ஹெரால்டைத்தான் எடுப்பேன். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுகிறது.

தட்டல் இரண்டிலும் அடங்கிவிட்டது. ஹெரால்டின் ராக்கர் மூடியில் மட்டும் ஆயில் கசிகிறது; அதற்குப் புது கார்க் கேஸ்கெட் தேடிக்கொண்டிருக்கிறோம்.