ஒப்புக்குச் சப்பாணி இல்லாத ஓட்டம்

எங்கள் தெருவில் கண்ணாமூச்சியோ ஓடிப்பிடித்தலோ ஆடும்போது, நானும் வருவேன் என்று அழுது அடம்பிடிக்கும் சின்னப் பிள்ளைகளை விரட்டவும் முடியாமல், சேர்க்கவும் முடியாமல், பெரிய பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சொல்லி ஆட்டத்தில் விட்டுவிடுவார்கள். அவனும் ஓடுவான், ஒளிவான், கத்துவான். ஆனால் அவனைத் தொட்டாலும் அவன் ‘அவுட்’ ஆக மாட்டான், அவன் யாரைத் தொட்டாலும் அது கணக்கில் வராது. இளைப்பு நோயால் வேகமாக ஓட முடியாதிருந்த நான் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் விளையாடினேன். என்னை யாரும் துரத்தாமல் கடந்துபோனது நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் நினைவில் நிற்கிறது. எங்கள் ஓட்டக் குழுவில், மெதுவானவரை முன்னதாகவும் வேகமானவரைப் பின்னதாகவும் விடும் ஹேண்டிகேப் பந்தயம் வைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கியதற்கும், அதன் கணக்கு நோட்டை இன்றுவரை நானே வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்கு வடக்கே அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பருகே நாங்கள் கூடுகிறோம். அங்கிருந்து நெடுஞ்சாலையை நோக்கி இரண்டரை கிலோமீட்டர் ஓடி, சுண்ணாம்பு அடித்த ஒரு பனையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தால் ஐந்து கிலோமீட்டர். கல்லூரி மாணவர்கள், காவலர் தேர்வுக்கு உடம்பைத் தயார் செய்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மட்டும் வந்து சேரும் இளைஞர்கள், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருவர் என்று கலவையான கூட்டம் எங்களுடையது. தொடக்கத்தில் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, விசில் ஊதி விட்டுவிடுவோம். இருபது நிமிடத்தில் முதல் நான்கு பேர் முடித்துவிட்டு, டீக்கடைக்குப் போய், டம்ளரைக் கழுவி வைக்கும் நேரத்தில்தான் கடைசி ஆட்கள் தோப்புக்குள் நுழைவார்கள். மாதத்துக்கு மாதம் அதே நான்கு பேர்தான் முதலில் வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் யாரோடும் போட்டியிடவில்லை, யாரும் அவர்களோடு போட்டியிடவும் இல்லை. அவர்களில் பாதிப்பேர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள்.

இப்போது நடத்தும் முறை எளிமையானது. ஒவ்வொருவரும் அந்த ஐந்து கிலோமீட்டரை வழக்கமாக எத்தனை நிமிடத்தில் ஓடுகிறார் என்பது நோட்டில் இருக்கிறது. மிக மெதுவாக ஓடுபவர் முதலில் புறப்படுவார், மிக வேகமானவர் கடைசியில் புறப்படுவார், கணக்கு சரியாக இருந்தால் எல்லாரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கோட்டைத் தொடுவார்கள். 42 நிமிடம் எடுப்பவரைக் காலை 5:45க்கு விடுகிறோம் என்று வைத்துக்கொண்டால், 38 நிமிடம் எடுக்கும் அங்கன்வாடி அக்காவுக்கு 5:49, 29 நிமிடம் எடுக்கும் எனக்கு 5:58, 19 நிமிடத்தில் முடிக்கும் கல்லூரித் தம்பிக்கு 6:08. எல்லாருடைய கணக்கும் 6:27இல் வந்து முட்டும். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவரே வென்றவர், அதற்கு மேல் எந்தத் திருத்தமும் கிடையாது. எல்லாரையும் ஒன்றாக விட்டு, பிறகு காகிதத்தில் நேரத்தைக் கழித்து வெற்றியாளரை அறிவிக்கும் வேறொரு முறையும் உண்டு. ஆனால் அதில் ஓடுகிறவருக்குத் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது தெரியாது, துரத்துவதும் துரத்தப்படுவதும் இல்லாமல் போய்விடும். அதனால் அதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இது முதலில் விசித்திரமாகப் பட்டது. பெரிய மாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் வளர்ச்சியைப் பார்த்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தூரம், தனிப் பரிசு என்று வைப்பதுதானே நம் வழக்கம், அதுபோலப் பெண்களுக்குத் தனி, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தனி என்று பிரித்துவிட்டால் போதாதா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முப்பது பேர் கூடும் இடத்தில் அப்படிப் பிரித்தால் சில பிரிவுகளில் ஒரே ஆள்தான் நிற்பார். தன்னந்தனியாக ஓடி முதல் பரிசு வாங்குவதும் ஒப்புக்குச் சப்பாணிதான் என்பது என் எண்ணம்.

ஹேண்டிகேப் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் உடல் ஊனம் நினைவுக்கு வருவதால், இது யாருக்கோ இரக்கப்பட்டு வைக்கும் போட்டி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லின் பிறப்பே வேறு. இங்கிலாந்தில் இரண்டு பேர் பொருள்களை மாற்றிக்கொள்ளும்போது, நடுவர் ஒருவர் இரண்டுக்கும் உள்ள மதிப்பு வேறுபாட்டைச் சொல்ல, மூவரும் பந்தயப் பணத்தைத் தொப்பிக்குள் போட்டுக் கையை விட்டு எடுக்கும் ஒரு பழைய விளையாட்டிலிருந்து அது வந்தது. ‘தொப்பிக்குள் கை’ என்பதே அதன் பொருள். பிறகு அது குதிரைப் பந்தயத்துக்குப் போனது. அங்கே நல்ல குதிரையின் முதுகில் கூடுதல் எடையைக் கட்டினார்கள். ஆக, சுமை ஏறுவது வல்லவன் மேல்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டாவெல் என்ற சிற்றூரில் 1878 முதல் ஈஸ்டரையொட்டி நடக்கும் ஓட்டம் இதே முறையிலானது. புல்தரையில் 120 மீட்டர், வேகக்காரர் பின்கோட்டில், மற்றவர்கள் அவரவர் தகுதிக்கு ஏற்பச் சில மீட்டர்கள் முன்னே. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1905 முதல் நடக்கும் டிப்ஸீ மலைப்பாதை ஓட்டத்தில் வயதையும் பாலினத்தையும் பார்த்து முன்கூட்டியே விடுகிறார்கள். 2010ஆம் ஆண்டு அதில் வென்றது எட்டு வயதுச் சிறுமி. அந்தச் செய்தியை எங்கள் குழுவில் படித்துக் காட்டியபோது, பாசி எடுக்கப் போகும் சின்னம்மா ஒருவர் இரண்டு முறை திரும்பக் கேட்டார்.

அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. சிறு வயதிலிருந்தே தீவுப் பக்கம் மூழ்கிப் பாசி எடுத்தவர், பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிச் சுற்றி, விரல் நுனிகள் இன்னும் வெளுத்துத் தடித்திருக்கும். இப்போது பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் தெப்பத்தில் பாசி வளர்க்கும் வேலைக்குப் போகிறார். அவரால் அடக்க முடியும் மூச்சை எங்களில் யாராலும் அடக்க முடியாது, ஆனால் தரையில் அவருடைய கால் மெதுவாகத்தான் போகும். புடவையை ஏற்றிச் செருகி, மேலே மகனின் பழைய டி-ஷர்ட், காலில் பட்டை வைத்த ரப்பர் செருப்பு. 42 நிமிடக் கணக்கில் முதல் ஆளாகப் புறப்படுபவர் அவர்தான்.

மே மாதப் பந்தயத்தில் நான் ஓடவில்லை, கோட்டில் கடிகாரத்தோடு நின்றேன். சூரியன் எழும் முன்பே அவர் தனியாகப் புறப்பட்டுப் போனார். சூரியன் எழுந்த பிறகுதான் கடைசித் தம்பி புறப்பட்டான். இதையும் ஹேண்டிகேப்பில் கணக்கிட வேண்டும்: கோடையில் பின்னால் விடப்படுகிறவர் முழுத் தூரத்தையும் வெயிலில் ஓடுகிறார், முன்னால் போகிறவருக்குத் தொடக்கமாவது குளிர்ச்சியில் கிடைக்கிறது. 6:25 வரை தோப்புப் பக்கம் யாரையும் காணோம். பிறகு வளைவில் அந்தப் பழைய நீல டி-ஷர்ட் தெரிந்தது. இருபது அடி பின்னால் அங்கன்வாடி அக்கா. அவர்களுக்குப் பின்னால், தூசியைக் கிளப்பிக்கொண்டு, முன்னால் ஓடியவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி அந்தக் கல்லூரித் தம்பி. கோட்டில் நின்ற பிள்ளைகள் “பின்னாடி வாறாக, பின்னாடி வாறாக” என்று கத்தினார்கள். சின்னம்மா திரும்பிப் பார்த்தார். யாரோ தன்னைத் துரத்துகிறார்கள் என்பதை அவர் கண்ட அந்த நொடியை நான் கண்டேன். செருப்பு இரண்டையும் உதறிவிட்டு, தார்ச் சாலையில் வெறுங்காலோடு, கைகளைத் துழாவிக்கொண்டு, நீரை விலக்குகிறவர்போல ஓடி வந்தார். 6:25:40. அடுத்தவர் பத்து நொடி கழித்து. தம்பி அதற்கும் அரை நிமிடம் கழித்து வந்து, மூச்சு அடங்காமல், திரும்பிப் போய் அவருடைய செருப்புகளை எடுத்துவந்து கொடுத்தான்.

அவர் ஓடிய நேரம் 40 நிமிடம் 40 நொடி. நோட்டில் இருந்ததைவிட ஒரு நிமிடம் இருபது நொடி குறைவு.

அடுத்து நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். வென்றவருக்குப் புறப்படும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை. இல்லாவிட்டால் அவரே மறுபடியும் வெல்வார். நான் முழு ஒரு நிமிடம் இருபது நொடியையும் அப்படியே கழித்து, ஜூன் மாதத்தில் அவரை 5:46:20க்கு விட்டேன். அன்று கச்சான் காற்று பலமாக இருந்தது. பனை வரை எல்லாருடைய முகத்திலும் மணலை வாரி அடித்தது. சின்னம்மா 42 நிமிடம் 10 நொடியில் முடித்து, 6:28:30க்கு, எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, போன தடவை ஜெயிச்சதுக்கு எனக்குத் தண்டம் போட்டீகளா?”

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, வீட்டுக்குப் போய் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பிழைகள் தெரிந்தன. ஒரே ஒரு நாள் துரத்தலின் வேகத்தில் ஓடிய நேரத்தை அவருடைய வழக்கமான நேரமாக எடுத்துக்கொண்டது முதல் பிழை. காற்றை எல்லாருக்கும் ஒரே அளவாக நினைத்தது இரண்டாவது. காற்று எல்லாரையும் நூற்றுக்கு ஐந்து பங்கு தாமதப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 நிமிடக்காரருக்கு அது 57 நொடி, 42 நிமிடக்காரருக்கு 2 நிமிடம் 6 நொடி. இடைவெளியை மாற்றாமல் வைத்தால், ஒன்றுமே செய்யாமல் மெதுவானவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் நட்டம் வந்துவிடுகிறது. காற்றில் அதிக நேரம் நிற்பவர் அவர்தானே. ஆகவே காற்று பலமான நாளில் எல்லாருக்கும் ஒரே அளவு நேரத்தைக் கூட்டினால் போதாது, இடைவெளியையே 1.05ஆல் பெருக்க வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று திசைமாறி, திரும்பி வரும் பாதியில் எதிர்த்து அடிக்கும் மாதங்களுக்கும் இதே கணக்குதான்.

தூரம் மாறும்போதும் பெருக்கல்தான். ஆண்டுக்கு ஒருமுறை முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை, இரு பக்கமும் கடல் வர, ஒன்பதரை கிலோமீட்டர் ஓடலாம் என்று பேசி வருகிறோம். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்று இருக்கிறது. தூரம் கூடும் விகிதத்தை 1.06 அடுக்கில் ஏற்றி, பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். அதன்படி எங்கள் ஐந்து கிலோமீட்டர் நேரங்களை 1.97ஆல் பெருக்கினால், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையிலுள்ள 23 நிமிடம் 45 நிமிடமாக விரிகிறது. நிழலே இல்லாத அந்தச் சாலையில் கடைசியாக விடப்படுகிறவரின் நிலையை நினைத்துத்தான் இன்னும் நாள் குறிக்காமல் இருக்கிறோம்.

ஜூன் மாதத்துக்குப் பிறகு விதியை மாற்றிவிட்டோம். முன்னேறியவருக்கு அந்த முன்னேற்றத்தில் பாதியை மட்டுமே கழிக்கிறோம். மெதுவாக ஓடியவருக்கு உடனே நேரத்தைக் கூட்டிக் கொடுப்பதில்லை, இரண்டு பந்தயம் பார்த்த பிறகு பத்துப் பத்து நொடியாகத்தான் கூட்டுகிறோம். வேண்டுமென்றே மெதுவாக ஓடி நேரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஆசையை அடக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அப்படிச் செய்த இளைஞர் ஒருவரும் இருந்தார். நான்கு மாதம் 26 நிமிடத்தில் ஓடிவிட்டு, மிக்ஸி பரிசாக வைத்த மாதத்தில் 21இல் வந்து நின்றார். பரிசைக் கொடுத்தோம், ஏனென்றால் முதலில் கோட்டைத் தாண்டியவர் அவர்தான். ஆனால் அதன்பின் பெரிய பரிசு வைப்பதையே நிறுத்திவிட்டோம். இப்போது வெல்பவருக்கு ஒரு தார் வாழைப்பழம், அதையும் அவர் எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட வேண்டும். நோட்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். தன் கணக்கை எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஏமாற்ற மனம் வருவது குறைவு என்பதை அதன்பின் வந்த மாதங்களில் கண்டேன்.

ஜூலைப் பந்தயத்துக்கு முந்தின நாள், புறப்படும் நேரங்களைச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தேன். சின்னம்மா தன் சீட்டைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

“அஞ்சு நாப்பத்தஞ்சு, நாப்பது. அப்ப பாதிதான் புடிச்சிருக்கீக.”

“ஆமா சின்னம்மா. இனிமே எல்லாருக்கும் பாதிதான்.”

அவர் தலையசைத்துவிட்டு, சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, அங்கன்வாடி அக்காவுக்கு எத்தனை மணி போட்டிருக்கிறது என்று கேட்டார்.