மாணவர்களோடு போஸ்டிங் போவது வார்டு டியூட்டி ஆகாது

நர்சிங் கல்லூரி ஆசிரியர்களான டியூட்டர்கள் பலர், மாணவர்களின் வார்டுப் பயிற்சியான போஸ்டிங்குக்காக வாரத்தில் மூன்று நான்கு நாள் வார்டில்தான் இருக்கிறார்கள். அதனால் தங்களுக்கு நோயாளிப் பராமரிப்பு விட்டுப்போகவில்லை என்று நம்புகிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் செய்வது மேற்பார்வை. முந்தைய ஷிஃப்டிடமிருந்து ஹேண்டோவர் (பொறுப்பு ஒப்படைப்பு) வாங்கியதிலிருந்து அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கும் வரை ஒரு நோயாளிக்குப் பொறுப்பேற்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

காலை எட்டு மணி மருந்து நேரத்தை எடுத்துக்கொள்வோம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். கேஸ் ஷீட்டில் ஆர்டர், மருந்தின் பெயர், டோஸ், எதில் எவ்வளவு கலப்பது, அலர்ஜி என ஒவ்வொன்றையும் கூடவே நின்று சரிபார்த்தால் ஒரு ஊசிக்கே ஐந்து நிமிடம் போகும். பத்துப் பேரும் மருந்து கொடுக்க வந்தால் எட்டு மணி ஆன்டிபயாடிக் ஒன்பதை நெருங்கிவிடும். பொறுக்காமல் ஸ்டாஃப் நர்ஸ் தானே போட்டுவிடுவார். மாணவர் பார்த்ததோடு சரி, செய்த வேலைகளைப் பதிவு செய்யும் லாக்புக்கில் மட்டும் கையெழுத்து விழும். முதல் நாளே வார்டு இன்சார்ஜிடம் பேசி, இன்று மூன்று பேர் மட்டும் மருந்து, மற்றவர்கள் வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்ப்பது), பெட் பாத், டிரெஸ்ஸிங் என்று பிரித்து, தினமும் சுழற்சியில் மாற்றினால் சமாளிக்கலாம்.

தானே டியூட்டி பார்க்காத ஆசிரியரின் பாடத்தில் எது விடுபடும் என்பதற்கு இன்சுலினைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. நம் வார்டுகளில் மில்லிக்கு 40 யூனிட் வயல்களும் (மருந்துக் குப்பிகள்) உண்டு, 100 யூனிட் வயல்களும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். மாற்றி, 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். கல்லூரியில் மாணவர்கள் செய்து பழகும் ஸ்கில் லேபில் ஒரே வகை வயலும் சிரிஞ்சும் இருந்தால் இந்தக் குழப்பம் அங்கே தலைகாட்டவே காட்டாது. சிவப்பு மூடி தீர்ந்துபோன ஒரு இரவில், கையில் ஆர்டரோடு டிராலி முன் நிற்கும்போதுதான் அது புரியும்.

வாரம் ஒரு அரைநாள் டியூட்டி என்ற ஏற்பாட்டில் பெரிய பலன் இல்லை. நோயாளியைப் புரிந்துகொள்வதற்குள் நேரம் முடிந்துவிடும். தியரி வகுப்பு இல்லாத காலத்தில், தான் பாடம் எடுக்கும் பிரிவிலேயே, மாணவர்கள் இல்லாமல், தொடர்ந்து இரண்டு வாரம் பார்க்க வேண்டும்; அதில் சில இரவு டியூட்டியாவது இருக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் கல்லூரியும் மருத்துவமனையின் நர்சிங் சேவையும் இணைந்தே இயங்குகின்றன, ஆசிரியர்களுக்கு வார்டுப் பொறுப்பும் உண்டு. அந்த அமைப்பு இல்லாத இடத்தில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் போடும் டியூட்டி லிஸ்டில் ஆசிரியரின் பெயர் எழுத்தில் ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் வார்டில் அவர் கூடுதல் ஆள். 'மேடம், பிரின்சிபால் கூப்பிடுறாங்க' என்று பாதியில் கிளம்ப வேண்டிவரும்.

இன்னொன்று. மூக்கு வழியாக இரைப்பைக்குள் போடும் ரைல்ஸ் டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பதை நம்பக் கூடாது, உறிஞ்சிய திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், சந்தேகம் என்றால் எக்ஸ்ரே என்று வகுப்பில் சொல்கிறோம். வார்டில் பி.எச். ஸ்ட்ரிப் இருக்கிறதா? அங்கே டியூட்டி பார்ப்பவர் இன்சார்ஜோடு உட்கார்ந்து அடுத்த இன்டென்டிலேயே (பொருள் கேட்கும் பட்டியல்) அதை எழுத வைக்கலாம்.